காய்ச்சல்காரியின் கம்பி வளையம்

உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமலே காய்ச்சல்காரி என்று பெயர் வாங்கியவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். வெள்ளிக் கம்பியை நெருப்பில் காய்ச்சிக் கொடுப்பது அவள் வேலை. பெயர் வைத்தவன் கொழுந்தன். பட்டறைக்குள் புழங்கிய பெயர் எப்படியோ வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. புதிதாகக் கடை போட்ட மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அவளை நிறுத்தி, "இப்ப காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்று அக்கறையாக விசாரித்தார். "நல்லா எரியுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக் கம்பியைச் சன்னமாக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓர் எஃகுத் தகட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், பெரியதிலிருந்து சிறியது வரை. கம்பியின் நுனியைத் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு துளை முடிந்தால் அடுத்த சின்னத் துளை. நாலைந்து துளை தாண்டியதும் கம்பி முறுக்கிக்கொள்ளும். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்கும். இனியும் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அப்போது அதை நெருப்பில் காட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். காய்ச்சியபின் மறுபடி மெத்தென்று வழிக்கு வந்துவிடும். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை உருகவிடாமல் காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இழுப்பவர் அவள் கணவர். தெருவில் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர். முன்கூடத்துச் சுவரோரம் தகட்டைப் பொருத்திவிட்டு, இடுக்கியில் கம்பியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். கூடம் முடியும், நடை முடியும், வாசல்படி முடியும், கம்பி முடியாது. தெருவில் இறங்கியும் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் பழகிப்போய் ஒதுங்கிக்கொள்வார்கள். "அண்ணன் கம்பி நீட்டிட்டாரு, யாராவது புடிங்க!" என்று கொழுந்தன் உள்ளே இருந்து குரல் கொடுப்பான். தினமும் அதே ஜோக்தான். தினமும் யாராவது ஒருவர் சிரிப்பார்.

ஒருநாள் அவர் நிஜமாகவே கம்பி நீட்டிவிட்டார். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று பகலில் அவர் கொண்டுவந்து வைத்த ஒரு கம்பி வளையம் மட்டும் காய்ச்சாமலே கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்தபோது அவள் அதைப் பார்த்தாள். பழைய புடவைத் துண்டு ஒன்றை அதன்மேல் போட்டு, அப்படியே அள்ளி முடிந்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். எப்போதாவது முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பாள். பார்ப்பதோடு சரி, விரலால் தொடமாட்டாள். அவர் சுற்றிய சுற்று கலைந்துவிடுமே என்ற பயம். வருஷங்கள் போனதில் வெள்ளி கறுத்துப் போயிற்று.

இப்போது மகள் அந்தக் கம்பியைக் கேட்கிறாள்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. வீட்டைவிட்டுத் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பா கடைசியா இழுத்த கம்பி இருக்குல்ல, அதுல எனக்கு ஒரு ஜோடி தோடு வேணும். சித்தப்பா பண்ணித் தரேன்னு சொல்லிட்டாரு. நீ காய்ச்சிக் குடுத்தா போதும்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? நான் ஊருக்குப் போறதுக்குள்ள வேணும்மா."

"பாக்கலாம்னா பாக்கலாம்டி. உசுர வாங்காத."

அப்படி எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. தடித்த கம்பியை அவள் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சிவிடுவாள். ஆனால் தலைமுடி கனமே உள்ள இந்த முடிக்கம்பி அப்படியில்லை. அவர் போனபின் முடிக்கம்பி வேலையை அவள் கொழுந்தனுடைய மின் உலைக்கு விட்டுவிட்டாள். கண்ணும் முன்போல் இல்லை, சிவப்பு தெரிவதற்குள் நீர் கோர்த்துக்கொள்கிறது. ஒரு மூச்சு பிந்தினால் போதும், அவருடைய கடைசி வேலை ஒரு சொட்டு வெள்ளியாக உருண்டு கரித்துண்டின்மேல் உட்கார்ந்துவிடும். அதை எடுத்துக் காதில் மாட்ட முடியுமா? மகளிடம் இதைச் சொல்லவும் அவளுக்கு வெட்கம். ஊரெல்லாம் காய்ச்சல்காரி என்று கூப்பிடுகிறவள் நெருப்புக்குப் பயப்படுகிறாள் என்றால் நன்றாகவா இருக்கும்?

கொழுந்தன் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டான்.

"அண்ணி, குடுங்க. உலைல போட்டு எடுத்துத் தர்றேன். அஞ்சு நிமிஷம்."

"உன் பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குப்பா தெரியும்?"

"அதுல சூடு எவ்வளவுன்னு நம்பரே காட்டுது அண்ணி."

"நம்பர் காட்டும். கம்பிய காட்டுமா?"

"அப்ப நீங்களே காய்ச்சுங்க. வேற யாருக்கு அந்தக் கை வரும்?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஒத்தாசை செய்ய வந்தவன் ஏற்றிவிட்டுப் போனதுதான் மிச்சம்.

அந்தக் கை அவளுக்கு எப்படி வந்தது என்பது தனிக்கதை. கல்யாணமாகி வந்த புதிதில் காய்ச்சும் வேலையை மாமனாரே பார்த்துவந்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு மரச் சன்னல். காய்ச்சும்போது சன்னலையும் கதவையும் சாத்திவிட வேண்டும். வெள்ளி சூடேறி முதலில் காட்டும் சிவப்பு அவ்வளவு மங்கலானது, வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. வெளிச்சத்தில் தெரிகிற அளவு சிவந்துவிட்டால் கம்பி போய்விட்டது என்று அர்த்தம். ஒருநாள் மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுபோனவள், கதவைச் சாத்தச் சொன்னதால் உள்ளேயே நின்றுவிட்டாள். நின்றவள் சும்மா இருக்காமல், "மாமா, செவந்துடுச்சு" என்றாள்.

"எங்கம்மா? இன்னும் இல்லையே."

சொல்லி முடிப்பதற்குள் வளையத்தின் ஒரு பக்கம் ஈரம் பட்டதுபோலப் பளபளத்து, சுருண்டு, உருகிவிட்டது. மாமனார் உருகியதைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், ஊதுகுழலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "என் கண்ணு போச்சு. இனிமே நீயே பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான் அந்த வீட்டுப் பட்டமளிப்பு விழா.

அதன்பிறகு அவளும் உருக்காமல் இல்லை. அவள் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதெல்லாம் உருகிப்போன வளையங்களிடம்தான். இழுத்த கம்பியை நெருக்கமாகச் சுற்றி, வளையல்போல் ஆக்கி, செப்புக் கம்பியால் அங்கங்கே இறுக்கிக் கட்ட வேண்டும். ஓர் இழை வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் மற்றவை சூடாவதற்குள் அது உருகி அறுந்துவிடும். தீயை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது, வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு வந்ததும் தீயை விலக்கி, அது அடங்கும்வரை காத்திருந்து, தண்ணீரில் போட வேண்டும். சுர்ரென்று ஒரு சத்தம் வரும். பின் அமிலத் தண்ணீரில் ஊறப்போட்டால் பால்வெள்ளையாக வெளியே வரும். அந்த வெள்ளையைப் பார்க்க அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

கம்பிக்காரருக்கோ நெருக்கமாகச் சுற்றுவது என்றால் ஆகாது. சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டு, அவள் முன்னால் தொப்பென்று வைப்பார். "இது கம்பியா, காக்காக் கூடா?" என்று அவள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்து, மறுபடி இறுகச் சுற்றுவாள். அந்தத் திட்டு அவர் போகிற நாள்வரை ஓயவில்லை. அவர் சுற்றும் திருந்தவில்லை.

அந்த வீட்டில் அப்போது புதுமணத் தம்பதிக்கென்று தனியறை கிடையாது. மாடியில் ஒரே நீளக் கூடம், நடுவில் ஒரு திரைச்சீலை. திரைக்கு அந்தப்பக்கம் மாமியார் புரண்டு படுத்தால் இந்தப்பக்கம் வளையல் சத்தத்தோடு கேட்கும். காலையில் கீழே இறங்கினால் பட்டறை ஆட்கள், சமையலறையில் மாமியார், வாசலில் மாமனார். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு பேச வேண்டும். கம்பிக்காரர் இயல்பிலேயே வாய் திறக்காத மனிதர். கல்யாணமாகி சில வாரம் வரை, "தண்ணி", "போதும்", "சரி" என்ற மூன்று சொற்களைத் தவிர அவரிடமிருந்து அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊமையைக் கட்டிக்கொண்டோமோ என்று தன் அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் அவர் கம்பியோடு பின்னறைக்கு வந்தார். "இறுகிப்போச்சு" என்றார். அவள் சுற்றிக் கட்டத் தொடங்கினாள். அவர் போகாமல் கதவைச் சாத்திவிட்டு, அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கதவு சாத்தியிருக்கும்போது யாரும் திறக்கக் கூடாது என்பது மாமனாரே போட்ட சட்டம். வெளிச்சம் புகுந்தால் கம்பி கெட்டுவிடுமே! அந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரே இடம் அதுதான் என்பதை, வாய் திறக்காத மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

இருட்டில் அவர் பேசினார். அவள் கையில் தீ, கண் வளையத்தின்மேல், அவர் கண்ணும் அங்கேதான். முகத்தைப் பார்க்காமல் பேசியதால்தானோ என்னவோ, மனிதருக்குப் பேச்சு அருவியாகக் கொட்டியது. சின்ன வயதில் பஸ் ஓட்ட ஆசைப்பட்டதைச் சொன்னார். இப்போது பின்பக்கமாக மட்டுமே ஓட்டுவதைச் சொல்லிச் சிரித்தார். பெண் பார்க்க வந்த அன்று அவள் கதவிடுக்கில் விரல் நசுங்கி, வலியை அடக்கிக்கொண்டு வந்து நின்றதைத் தான் கவனித்ததாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து கடலை எடுத்துக் கொடுப்பார். அவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், ஆகவே வாயில் போட வேண்டியிருக்கும். இதற்குமேல் விவரம் கேட்காதீர்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள்.

ஆனால் கம்பி நாலைந்து துளைக்கு ஒருமுறைதானே இறுகும்? கம்பிக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரண்டு துளைக்கு ஒருமுறை வந்தார். பிறகு ஒரு துளைக்கு ஒருமுறை. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "இறுகிப்போச்சு" என்பார். தொட்டுப் பார்த்தால் கம்பி நூல்போலத் துவளும். அவள் கதவைச் சாத்துவாள். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் வெள்ளியின் மேல்தோல் கெட்டுவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மாமனார் ஒருநாள் கூடத்தில் கம்பியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னடா இது, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்கு? எத்தன தடவடா காய்ச்சுறீங்க?"

"வெள்ளி சரியில்லப்பா. சீக்கிரம் இறுகுது."

"வெள்ளி சரியில்லையா?" மாமனார் மகனை மேலும் கீழும் பார்த்தார். பின்னறை வாசலில் நின்ற மருமகளையும் பார்த்தார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். மாமனார் பூதக்கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, கரி கொஞ்சம் அதிகமா வாங்கிப் போடறேன்" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அன்று பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம்போல் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிவிடும். ஆனால் அந்த நாட்களைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறெப்போதும் இருந்ததில்லை.

மகள் பிறந்தாள். மாடியில் தடுப்புச்சுவர் எழுப்பி அவர்களுக்கென்று ஓர் அறை வந்தது. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் வைத்த நல்ல அறை. அறை வந்ததும் பேச்சு குறைந்ததுதான் வேடிக்கை. படுத்தால் இருவருக்கும் அசதியில் தூக்கம் வந்துவிடும். பேசினாலும் பள்ளிக்கூடம், காய்கறி, கொழுந்தனுக்குப் பெண் பார்ப்பது. கம்பிக்காரரும் ஒழுங்காகிவிட்டார். நிஜமாகவே இறுகினால்தான் கம்பியோடு வருவார், வைத்துவிட்டுப் போய்விடுவார். அவளும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வேலை பெருகியிருந்தது, மாமனார் காலத்தைப்போல இரண்டு பங்கு. நின்று பேச யாருக்கு நேரம்?

அந்தக் கடைசி நாளும் அப்படி ஒரு நாள்தான். அவசர வேலை ஒன்று, காலையிலிருந்து காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவள் தொட்டியில் குனிந்து, அமிலத்தில் ஊறியவற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

"இறுகிப்போச்சு. கொஞ்சம் காய்ச்சிக் குடேன்."

"அந்தப் பலகைல வைங்க. கை ஈரமா இருக்கு."

"கதவ சாத்தட்டுமா?"

"இப்ப எதுக்கு? அப்புறம் பாக்கறேன், போங்க."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின் காய்ச்சல்காரி அலமாரியைத் திறந்து துணிமுடிச்சை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நடப்பது நடக்கட்டும் என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கரியைப் பற்றவைத்தாள், தண்ணீர் வைத்தாள், செப்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்கிற சாக்கில் கொழுந்தன் கதவுநிலையில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணி, கை நடுங்குது."

"உன் வாய் நடுங்காம இருந்தா சரி."

துணியைப் பிரித்தாள். கறுத்துப்போன வளையம், வழக்கம்போல் அலங்கோலமான சுற்று, நடுவில் ஒரு சோம்பேறி முடிச்சு. அதை அவிழ்த்து இறுகச் சுற்றாமல் தீயில் காட்ட முடியாது. அவர் கைச் சுற்று இதோடு போகிறது. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டாள், அப்படித் திட்டினால்தான் கை வேலை செய்தது. கத்தரியை எடுத்தாள். இறுகிய கம்பியின் கட்டை வெட்டினால் அது விசையோடு விரிந்து கண்ணில்கூடக் குத்திவிடும். ஆகவே இடது கையை வளையத்தின்மேல் கவிழ்த்துப் பொத்திக்கொண்டு முடிச்சை வெட்டினாள்.

ஒன்றும் துள்ளவில்லை.

கையை எடுத்துப் பார்த்தாள். வளையம் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினாள். கம்பி அவள் விரலிலிருந்து நூலாகத் தொங்கியது. வளைத்தாள், வளைந்த இடத்திலேயே நின்றது. இன்னோரிடத்தில் வளைத்தாள், அங்கேயும் அப்படியே.

"என்னம்மா?" என்றாள் மகள்.

கொழுந்தன் உள்ளே வந்து நுனியை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தான். "அட, பஞ்சு மாதிரி இருக்கே! இது காய்ச்சின கம்பி அண்ணி. நீங்க காய்ச்சிக் குடுத்ததுக்கப்புறம் ஒரு துளைகூடப் போகல. இத எதுக்கு மறுபடி நெருப்புல வைக்கணும்? இப்படியே குடுங்க, இன்னைக்கே தோட முடிச்சிடறேன்."

"இறுகிப்போச்சுன்னு சொன்னாரே?"

"யாரு, அண்ணனா? அவரு விரல் பட்டாலே போதும், எத்தன துளை போயிருக்குன்னு சொல்லிடுவாரு. அவருக்கா தெரியாது?"

சொல்லிவிட்டு அவன் கம்பியை வெளிச்சத்தில் பார்க்க வாசல் பக்கம் திரும்பினான். அவள் அந்தச் சுற்றிலிருந்து கழன்று கிடந்த முடிச்சுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி நாள் காலையில் அவள் இறுகச் சுற்றிக் கட்டிக் காய்ச்சிக் கொடுத்த வளையத்தை அவர் எங்கேயோ உட்கார்ந்து அவிழ்த்து, செப்புக் கட்டுகளை எடுத்துவிட்டு, இப்போதுதான் இழுத்து முடித்ததுபோலத் தன் வழக்கப்படி அலங்கோலமாகச் சுற்றியிருக்கிறார். இதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். நரைத்துப்போன தலையோடு இந்த வேலையைச் செய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வந்து அவள் பின்னால் நின்றிருக்கிறார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"தம்பி, கதவ சாத்திட்டுப் போ."

"எதுக்கு அண்ணி? காய்ச்ச வேண்டியதே இல்லையே."

"தெரியும்ப்பா. சாத்து."

அவன் சாத்திவிட்டுப் போனான். சன்னலை அவளே எழுந்துபோய் மூடினாள். அறை இருண்டது, கரித்தணல் மட்டும் தெரிந்தது. மகள் பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு? எதுக்கு அழற? கம்பி நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு கண்ணு. அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். "உங்கப்பாவுக்கு என்கூட கொஞ்ச நேரம் உக்காரணும்னு இருந்திருக்கு. நான் கை ஈரமா இருக்குன்னு சொல்லிட்டேன்."